பொதுக்குளம் யாருக்குரியது?
(வெள்ளிவிழாவினையொட்டி ஐயங்கார்குளத்தில் நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

25 ஆண்டுகளுக்கு முன் ஒரு தெருவிளக்கின் அடியில் இரவுப் பள்ளியாகத் தொடங்கிய இச்சங்கத்தை இந்நாள்வரை வளர்த்தெடுத்த பெரியோர்களே! தாய்மார்களே! இளைஞர்களே!

‘பொது நிலப் பாதுகாப்பும் தொல்பொருள் நிதியும்: குடிமக்களின் பங்கு’ என்னும் தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். தலைப்பு அறிவிக்கப்பெற்ற அன்று மாலையே கல்லூரியில் பயிலும் நம் தம்பி ஒருவர் என் இல்லத்திற்கு வந்தார். “ஐயா, ஏரியைக் காப்போம், குளத்தைக் காப்போம் என்று மனுப் போடுகிறார்கள். அந்த மனுவின்மேல் அதிகாரிகள் வந்தால் முதலில் இடிபடுவது நம்முடைய வீடுதானே? நீங்களும் அதையே பேசப்போகிறீர்களா?” என்று கேட்டார். அக்கேள்வியில் குறும்பு இல்லை, கவலை இருந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இன்று நான் பேசப்போவது அவருக்குரிய மறுமொழியே. அது உங்களுக்கும் பயன்படும் என்று நம்புகின்றேன்.

இந்த ஊரிலிருந்தே தொடங்குவோம். நாம் அமர்ந்திருக்கும் இவ்வூரின் பெயரே ஒரு குளத்தின் பெயர்தான். சஞ்சீவிராயர் கோயிலை ஒட்டிக் கடல்போல் பரந்து கிடக்கும் அந்நீர்நிலையை வெட்டுவித்தவர், விசயநகர மன்னர் வேங்கடபதியின் காலத்தில் வாழ்ந்த இலக்குமிகுமார தாத்தாச்சாரியார் என்று வரலாறு கூறுகிறது. அருகே நடவாவி கிணறு இருக்கிறது. நடந்து இறங்கிச் செல்லும் வாவி ஆகையால் நடவாவி. தரைக்குக் கீழே படிகளில் இறங்கிச் சென்றால் கல்தூண்களோடு ஒரு மண்டபம். அதன் நடுவே கிணறு. சித்திரைப் பௌர்ணமியன்று காஞ்சி வரதராசப் பெருமாள் எழுந்தருளுவதை முன்னிட்டு அந்த மண்டபத்து நீரை இறைத்து வெளியேற்றுகிறார்கள். விழா முடிந்தபின் ஊற்று மீண்டும் பெருகி மண்டபத்தை மூடிவிடுகிறது. தமிழகத்தில் இத்தகைய படிக்கிணறுகள் மிகச் சிலவே. இதன் கட்டடச் சிறப்பைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும்.

வெட்டுவித்தவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. வெட்டியவரின் பெயர் தெரியுமா? அத்தனை மண்ணையும் கூடையில் சுமந்து கரைகட்டியவர்கள் யார்? நீரை இறைத்தவர்கள் யார்? குளத்தைத் தோண்டிய காலத்துக் கூலிக்கணக்கு எதுவும் என் கைக்குக் கிட்டவில்லை; ஆகையால் இன்ன சாதியார்தாம் என்று துணிந்து கூறமாட்டேன். ஆயினும் இந்நாட்டில் மண்வெட்டி யார் கையில் இருந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

நான் பிறந்தது பாலாற்றுக்குத் தெற்கே ஒரு சிற்றூர். அங்கும் ஒரு குளம் உண்டு. கோடையில் தூர்வார வேண்டுமென்றால் சேரிக்குத்தான் முதலில் ஆள் வரும். என் தந்தையார் இடுப்பளவுச் சேற்றில் நின்று தூர் அள்ளியதை நான் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன். மழை பெய்து குளம் நிரம்பியபின் அதே படித்துறையில் என் தாயார் குடம் நனைக்க முடியாது. கலங்கல் வழியாக வழிந்தோடும் வாய்க்காலில்தான் மொள்ளவேண்டும். தூர்வாரும்போது தீட்டுப்படாத குளம், நீர் வந்தபின் எப்படித் தீட்டுப்படும் என்று சிறுவனாகிய நான் கேட்டேன். தந்தையார் சிரித்தார், விடை கூறவில்லை.

நம் வட்டாரத்தின் பெருமை என்று எவரும் முதலில் எடுத்துரைப்பது உத்திரமேரூர்க் கல்வெட்டையே. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. குடும்புக்கு ஒருவராகக் குடவோலை எடுத்து, ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எனப் பிரித்து ஊராட்சி நடத்திய முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. ஏரி வாரியத்தில் அறுவர் இருந்தனர். நீர்நிலையைப் பேணுவதற்கென்றே ஆண்டுதோறும் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்த மக்கள், கணக்குக் காட்டாதவனை மீண்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று விதி வகுத்த மக்கள், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கு வாழ்ந்தனர் என்பது பெருமைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அதே கல்லில் எழுதியிருப்பதை முழுவதும் படியுங்கள். இறைசெலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும். தன் மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். நிலமும் மனையும் மறையும் மறுக்கப்பட்டவன் பெயரை எந்தக் குடத்திலும் போட வழியில்லை. ஏரியின் மதகைத் திறந்து, வயலுக்கு வயல் நீர் பாய்ச்சி, இரவில் கரையைக் காத்துநின்ற நீர்க்கட்டிகளுள் பலர் நம்மவர். வாரியத்தில் இடமில்லை, மதகடியில் இடமுண்டு. நம் பாட்டனார் காலத்துக் குடிமராமத்து முறையும் இதுபோலத்தான். ஊரார் கூடிச் செய்யும் பணி என்று ஏட்டில் இருக்கும். உழைக்க வந்தவர் யார், உட்கார்ந்து பார்த்தவர் யார் என்பது ஏட்டில் இராது.

இந்நிலையை மாற்ற முதலில் குரல் எழுப்பியவர்களை நினைவுகூர்வோம். 1891ஆம் ஆண்டு திசம்பரில் நீலகிரியில் கூடிய திராவிட மகாசன சபையின் தீர்மானங்களில், பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் நீர் எடுக்கும் உரிமையையும் அயோத்திதாசப் பண்டிதர் சேர்த்தார். மதுராந்தகத்திற்கு அருகே கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மனிதர், சென்னைச் சட்டமன்றத்தில் 1924ஆம் ஆண்டு ஆகத்து 22ஆம் நாள் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றச் செய்தார். பொதுச் சாலை, பொதுத் தெரு, அரசு அலுவலகம், கிணறு, குளம் ஆகியவற்றில் எவரும் செல்வதற்கும் பயன்படுத்துவதற்கும் தடை கூறலாகாது என்பது அதன் சாரம். அவ்வாண்டு செப்டம்பர் 25ஆம் நாள் அது அரசாணையாயிற்று. அதற்கு மூன்றாண்டு கழித்து, 1927 மார்ச்சு 20ஆம் நாள், அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். பொதுப் பணத்தில் நடக்கும் குளங்களை எல்லோருக்கும் திறக்கவேண்டுமென்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானம் செய்திருந்தது. தீர்மானம் தாளில் இருந்தது, குளத்திற்கு வரவில்லை. அதைக் குளத்திற்குக் கொண்டுவந்தவர் அண்ணல்.

அந்தப் பட்டறிவு அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆவது உறுப்பில், இரண்டாம் உட்பிரிவில் பதிந்துள்ளது. கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவை முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ அரசு நிதியில் பேணப்பட்டாலும், பொதுமக்கள் பயன்பாட்டிற்கென ஒதுக்கப்பட்டாலும், சாதியைக் காட்டி எவரையும் தடுக்கக் கூடாது என்று அது கூறுகிறது. ‘ஒரு பகுதியாகவோ’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அரசுப் பணம் ஒரு ரூபாய் சேர்ந்தாலும் அக்குளத்தின்மீது நமக்குச் சட்டப்படி உரிமை வந்துவிடுகிறது.

தொல்பொருளுக்கு நிதி ஒதுக்கு என்று அரசைக் கேட்பது படித்த மேல்தட்டினரின் பொழுதுபோக்கு என்று நம்முள் சிலர் எண்ணுகிறோம். நடவாவி கிணற்றைப் பழுதுபார்க்கப் பணம் கேட்பதால் நம் பிள்ளைக்கு என்ன பயன் என்கிறோம். நான் மாற்றிச் சொல்கிறேன். தனியார் கட்டளையில் கிடக்கும் பழம்பொருள் தனியாரின் தயவில் கிடக்கிறது. அரசு நிதியில் பேணப்படும் பழம்பொருள் நம் வரிப்பணத்தில் நிற்கிறது. தீப்பெட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் வரி கட்டுகிறான். அப்படியானால் படியில் இறங்கவும், பராமரிப்புக் கணக்கைக் கேட்கவும், அறிவிப்புப் பலகையில் என்ன எழுதவேண்டும் என்று சொல்லவும் அவனுக்கு உரிமையுண்டு. வெட்டுவித்தவர் பெயரை எழுதுங்கள். நமக்கு மனத்தாங்கல் இல்லை. அதன்கீழ், இக்குளத்தையும் கிணற்றையும் தம் உழைப்பால் ஆக்கிக் காத்த பெயரறியா மக்கள் என்று ஒரு வரி சேருங்கள் என்று கேட்போம். சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனுக்கு அரசு மணிமண்டபம் எழுப்பியுள்ளது. அயோத்திதாசப் பண்டிதரின் மணிமண்டபம் 2023இல் திறக்கப்பட்டது. இவை கேட்டதனால் வந்தவை.

இனி நிலத்திற்கு வருவோம். தம்பியின் கேள்வி அங்கேதான் இருக்கிறது.

நம் வீடுகள் ஏன் ஏரிப் புறம்போக்கிலும் ஓடைப் புறம்போக்கிலும் நிற்கின்றன? நாம் ஆசைப்பட்டுப் போய் அமர்ந்தோமா? செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசு முறை வேரூன்றி நின்றது. தரிசு நிலத்தின்மீதும் மிராசுதாரருக்கே முதலுரிமை. சேரி மனையும் அவர் பிடியில். பண்ணையாள் ஒருவன் தரிசு கேட்டு விண்ணப்பித்தால், மிராசுதார் தடை சொல்லிவிடுவார். மறுநாள் குடிசையைக் காலி செய்யச் சொல்வார். 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரெமென்கீர் என்னும் ஆங்கிலேயர், இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு எழுதிய அறிக்கையில் இவற்றையெல்லாம் விவரித்தார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த அரசாணையின் வழியே, ஒடுக்கப்பட்டோருக்கென்று தரிசு நிலங்கள் ஒதுக்கப்படலாயின. அவையே பஞ்சமி நிலங்கள். பத்தாண்டுகள் விற்கக்கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கன்றிப் பிறருக்கு மாற்றக்கூடாது என்ற நிபந்தனையுடன் அளிக்கப்பட்டவை. மாநிலம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அவற்றில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதை உங்கள் ஊர்களிலேயே காணலாம். காரணை நிலத்தை மீட்கக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசு, ஏழுமலை ஆகிய இருவரும் உயிரிழந்தனர். அது பழங்கதையன்று, இங்கே அமர்ந்திருப்போரில் பலர் வாழ்ந்த காலத்தில் நடந்தது.

ஆகவே தம்பி, ஒதுக்கிய நிலம் பறிபோனது. ஊர் நத்தத்தில் இடம் தரப்படவில்லை. மீதியிருந்தது ஏரிக்கரையும் ஓடையோரமுமே. இவ்வரலாற்றைச் சொல்லாமல் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று நம்மை மட்டும் எவரேனும் சுட்டினால் அது நேர்மையன்று.

அதற்காக ஏரி அழிந்தாலும் நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? கூடாது என்பதே என் முடிவு. ஏரி வற்றினால் முதலில் வேலையிழப்பவள் நாற்று நடும் நம் சகோதரி. கரை உடைந்தால் முதலில் நீர் புகுவது தாழ்வில் இருக்கும் நம் தெருவில். ஏரியின் நடுவே பெரிய கட்டடங்களை எழுப்பியவர்கள் நம்மவர் அல்லர். அவர்களுக்கு வழக்கறிஞர் உண்டு, நமக்கு இல்லை. ஏரியைக் காக்கும் மனு நம் கையொப்பம் இல்லாமல் போனால், அளவுக்கோல் நம் குடிசையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். நாமே மனுதாரராக இருந்தால், அளவைக் கல்லை எங்கே முதலில் நடுவது என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கும்.

தொலைதேசத்து நிகழ்ச்சி ஒன்று நினைவிற்கு வருகிறது. இலண்டன் அருகே எப்பிங் காடு என்று ஒன்றுண்டு. அதைப் பண்ணையார்கள் வேலியிட்டு அடைத்தபோது, லவுட்டன் என்னும் சிற்றூரின் தாமசு வில்லிங்கேல் என்ற ஏழைத் தொழிலாளி, குளிர்காலத்தில் விறகு வெட்டும் தம் ஊராரின் வழக்கவுரிமையை விடமாட்டேன் என்று வெட்டினார். அவர் குடும்பத்து இளைஞர்கள் சிறை சென்றனர். அதைக் கண்டு 1865இல் தோன்றிய பொதுநிலப் பாதுகாப்புச் சங்கத்தாரும் பிறரும் வழக்காடினர், 1878இல் சட்டம் வந்தது, காடு காக்கப்பட்டது. ஆனால் அதே சட்டத்தால் விறகு வெட்டும் உரிமை ஒழிந்தது. ஈடாகக் கிடைத்த பணத்தில் ஊருக்கு ஒரு மண்டபம் கட்டினார்கள். காடு பிழைத்தது, காட்டுக்காகச் சிறை சென்றவனின் விறகு போயிற்று. பாதுகாப்புச் சட்டத்தை எழுதும் மேசையருகே நாம் இல்லையென்றால் நமக்கும் ஒரு மண்டபம்தான் மிஞ்சும்.

நம் நாட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி முதலில் ஏரியின் எல்லையை அளக்கவேண்டும். பாதிக்கப்படுவோருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர்கள் கூறுவதைக் கேட்டபின்பே அகற்றவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றமும் கூறியுள்ளது. பஞ்சாபின் சக்பால் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் 2011 சனவரி 28ஆம் நாள் அளித்த தீர்ப்பு, ஊர்ப் பொதுநிலங்களை மீட்கவேண்டுமென்று எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. அத்தீர்ப்பைக் காட்டி நம்மை அச்சுறுத்துவோர் அதன் இறுதிப் பகுதியைப் படிப்பதில்லை. அரசு அறிவிப்பின்படி நிலமற்ற உழைப்பாளர்க்கோ பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கோ குத்தகை வழங்கப்பட்ட இடங்களை வரன்முறைப்படுத்தலாம் என்று அதே தீர்ப்பு விலக்கு அளிக்கிறது. மாற்று மனைக்கும் வழியுண்டு. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. முதலில் மனை, பிறகு அகற்றல் என்ற வரிசையை நாம் வலியுறுத்தவேண்டும்.

ஏடுகளைப் பற்றி ஒரு சொல். நான் வருவாய்த் துறையில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எந்த அலுவலகம் என்று கூறுவது முறையன்று. அங்கே பழைய நிலவரிப் பதிவேடு ஒன்றில் ஒரு புல எண்ணுக்கு எதிரே சிவப்பு மையில் ‘ஆதிதிராவிடர் நிபந்தனை நிலம்’ என்று எழுதியிருந்ததை என் கண்ணால் கண்டேன். 1979இல் தொடங்கி 1987வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்று நீங்கள் அறிவீர்கள், உருவான புதிய ஏட்டில் அக்குறிப்பு இல்லை. வேறொருவர் பெயரில் பட்டா இருந்தது. கேட்டேன். “படி எடுக்கும்போது விட்டுப்போயிருக்கும்” என்றார் மேலாளர். இளநிலை எழுத்தனாகிய நான் அதற்குமேல் வாய்திறக்கவில்லை. இன்றளவும் அந்தச் சிவப்பு மை என் கண்முன் நிற்கிறது. ஆகவே இளைஞர்களே, பட்டாவை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். பழைய நிலவரிப் பதிவேட்டையும் ‘அ’ பதிவேட்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். புலவரைபடத்தை வாங்குங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் விடை தரவேண்டும். பட்டியல் சாதியாருக்கு ஒதுக்கிய நிலத்தை முறைகேடாகப் பிறர் வைத்திருப்பதும், பொதுக் குளத்தையும் சுடுகாட்டையும் நாம் பயன்படுத்தத் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறவாதீர்கள்.

மனு யாருக்கு என்பதிலும் பலர் தவறுகிறார்கள். நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு; அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. தவறான மேசைக்குப் போன மனு ஆண்டுக்கணக்கில் உறங்கும். இம்மாவட்டத்து மணிமங்கலத்தில் 2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கப்பெற்றபோது முதற்கட்டத்திற்கு 100 கோடி ரூபாயும் 1,519 பணிகளும் அறிவிக்கப்பட்டன. பணியை ஆயக்கட்டுப் பாசனதாரர் சங்கங்கள் வழியே செய்தார்கள். நிலமற்றவனுக்கு அச்சங்கத்தில் இடமேது? உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவிற்கு வருகிறதல்லவா? நிலமில்லாதவர்க்கும் வாக்குள்ள ஒரே அவை கிராம சபை. சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்துள்ளன. மார்ச்சு 22 தண்ணீர் நாள். நம் பெண்கள் அன்று குழுவாக வந்தால் தீர்மான ஏட்டில் நம் சொல் ஏறும்.

என் உரையை இத்துடன் நிறுத்துகின்றேன். சங்கத்தின் சார்பில் நாங்கள் எழுதிய மனுவின் படி அந்த மேசைமீது இருக்கிறது. ஏரியின் எல்லையைப் பழைய ஏட்டின்படி, பெரிய கட்டடங்கள் இருக்கும் பக்கத்திலிருந்து அளக்கத் தொடங்கவேண்டும். குடியிருப்போருக்கு மாற்று மனைப்பட்டா கொடுக்காமல் எவரையும் அகற்றக்கூடாது. நடவாவி கிணற்றின் பராமரிப்பிற்கு அரசு நிதி ஒதுக்கிக் கணக்கைக் கிராம சபையில் வைக்கவேண்டும். நம் சுடுகாட்டுப் பாதையைப் புலவரைபடத்தில் பதியவேண்டும். இவ்வட்டத்துப் பஞ்சமி நிலப் பட்டியலை வெளியிடவேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறோம். திருத்தம் இருந்தால் ஓரத்தில் எழுதுங்கள். கேள்வி கேட்ட தம்பி முதலில் படித்துப் பார்க்கட்டும். அவர் ஒப்பிய பின்பே நான் கையொப்பமிடுவேன். கைநாட்டு வைக்கும் மூத்தோர்க்கு இரவுப் பள்ளி மாணவர்கள் அருகிருந்து, மனுவை முழுவதும் படித்துக் காட்டியபின், பெயரை எழுதித் தருவார்கள்.